கோலா பிலாவில் உள்ளாட்சி வருவாயும் தோட்ட எல்லையும்: சுகாதார வாரியம் முதல் மாவட்ட மன்றம் வரை

மலேசிய உள்ளாட்சிகளின் நிதி பற்றி எழுத வருகிறவர் யாரும் பாங் சியூ நூய் 1997இல் வெளியிட்ட நூலை எதிர்கொள்ளாமல் மேலே போக முடியாது. உள்ளாட்சி மன்றங்கள் ஏன் எப்போதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன என்ற கேள்விக்கு அவர் தரும் விடை தெளிவானது. வருவாய்க்கு மதிப்பீட்டு வரி ஒன்றையே மன்றங்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன. வசூலில் தளர்வு இருக்கிறது. மேல்நிலை அரசுகளின் ஒப்புதல் இல்லாமல் அவற்றால் அசைய முடிவதில்லை. வசூலைச் சீர்படுத்தி, சொத்து மதிப்பைக் காலத்துக்கு ஏற்பத் திருத்தி, வருவாய் வாய்களைப் பெருக்கினால் நிலைமை தேறும் என்பது அந்த வாதம் செல்லும் திசை. கோலாலம்பூர், ஜார்ஜ்டவுன், ஈப்போ போன்ற ஊர்களுக்கு இது பொருந்துகிறது. அங்கே ஊரின் செல்வம் ஊருக்குள்ளேயே கட்டடமாக நிற்கிறது. வரி விதிப்பவர் அதை அளந்தால் போதும்.

கோலா பிலாவுக்கு இந்த விடை பொருந்தவில்லை. நெகிரி செம்பிலானின் இந்த மாவட்டத்தில் செல்வம் விளைந்த இடம் ஒன்று, வரி விதிக்கப்பட்ட இடம் வேறொன்று. விளைந்த இடம் ரப்பர்த் தோட்டம். வரி விதிக்கப்பட்ட இடம் கடைத்தெரு. இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு கிடந்தது. வசூல் எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டி அது கைநீட்ட முடியாது. பாங் முன்வைக்கும் காரணங்களை நான் மறுக்கவில்லை. அவை இரண்டாம் நிலைக் காரணங்கள் என்கிறேன். முதற்காரணம் எல்லை. அது ரப்பருக்கு முந்திய ஒரு பொருளாதாரத்துக்காகப் போடப்பட்டது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

இன்றைய சட்டத்திலிருந்து பின்னோக்கிப் போவது எளிது. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, மன்றத்துக்கு வரி விதிக்கும் உரிமையை 127ஆம் பிரிவில் தருகிறது. அதிலேயே இரண்டு கட்டுகள் உண்டு: மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், வரி உள்ளாட்சி எல்லைக்குள் இருக்க வேண்டும். 130ஆம் பிரிவு உச்சவரம்பு போடுகிறது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டை அல்லது மேம்பட்ட மதிப்பில் 5 விழுக்காட்டை வரி தாண்டக் கூடாது. மதிப்புப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று 137ஆம் பிரிவு சொல்கிறது. கடன் வாங்கலாம், அதற்கும் மாநில ஒப்புதல் வேண்டும். ஆண்டு மதிப்பு என்பது, அந்தச் சொத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக என்ன கிடைக்கும் என்ற கணிப்பு. ஆகவே ஒரு மன்றம் சந்தை கட்ட முடியுமா, கடைக்கூடம் எழுப்ப முடியுமா, வடிகால் வெட்ட முடியுமா என்பதெல்லாம் அதன் எல்லைக்குள் நிற்கும் கட்டடங்களின் வாடகை மதிப்பில் வந்து முடிகிறது.

கோலா பிலாவில் அந்த எல்லைக்குள் என்ன இருந்தது? இந்த மாவட்டத்து நிலத்தை மூன்றாகப் பிரித்தே பார்க்க வேண்டும். முதலாவது அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி தாய்வழியில் இறங்கும் மரபு நிலம். உலு மூவார், ஜோஹோல், தெராச்சி, இனாஸ் முதலான லுவாக்குகளில், அதாவது மரபுவழி ஆட்சிப் பகுதிகளில், வயலும் வீட்டுமனையுமாகக் கிடப்பது இதுவே. 1909இன் மரபுநில உரிமைச் சட்டம் இதைப் பதிவேட்டில் ஏற்றி, குலத்துக்கு வெளியே கைமாறாமல் காத்தது. 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இன்னொரு வேலி போட்டது. இரண்டாவது தோட்ட நிலம். மூன்றாவது பட்டண நிலம்: ஓர் ஆற்றோரத்தில் சில தெருக்கள், கடைவீடுகள், ஒரு சந்தை. உள்ளாட்சி வரி முழுப் பளுவோடு இறங்கியது இந்த மூன்றாவதன் மேல்தான். பரப்பில் மிகச் சிறியதும் அதுதான்.

இந்தப் பட்டணம் யாருடைய பணத்தில் எழுந்தது என்பதற்குக் கல்லில் ஒரு சான்று இருக்கிறது. ஜாலான் லிஸ்டரில் நிற்கும் மார்ட்டின் லிஸ்டர் நினைவு வளைவைத்தான் சொல்கிறேன். லிஸ்டர் நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். 1889இல் பொறுப்பேற்றார், 1895இல் சுங்கை ஊஜோங்கும் ஜெலுபுவும் சேர்ந்து மாநிலம் இன்றைய வடிவை அடைந்தபோதும் அவரே ரெசிடெண்டாக இருந்தார், 1897இல் தாயகம் திரும்பும் வழியில் இறந்தார். வளைவை எழுப்பியவர்கள் இவ்வூர்ச் சீன வணிகச் சமூகத்தார். அது எந்த ஆண்டில் எழுந்தது என்று முடிவுகட்ட நான் தயங்குகிறேன். நினைவுச்சின்னம் என்பதால் 1897க்கு முன் போக முடியாது. ரப்பர் விலை உச்சம் தொட்ட 1910ஐ ஒட்டிக் கொண்டுவரவும் காரணம் இல்லை. லிஸ்டரை நேரில் அறிந்தவர்கள் நன்றிக்காகச் செய்த காரியம் அவர் நினைவு மங்குவதற்குள் நடந்திருக்க வேண்டும். நூற்றாண்டு திரும்பும் காலம் என்று கொள்கிறேன்.

பலர் இந்த வளைவைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆய்வாளர்களும் அதைக் குடியேற்ற ஆட்சிக்கான விசுவாசச் சின்னம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நிற்கும் இடத்தையும் அதன் உருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்கு எழுப்பிய சின்னம், ஆனால் சீனக் கட்டட மரபில் ஓட்டுக் கூரை ஏந்திய வாயில். நிற்பது கடைத்தெருவில். அரசு எழுப்பியதன்று, வணிகர்கள் தங்கள் தெருவில் தங்கள் மரபில் எழுப்பியது. பட்டணத்தின் பொது இடம் எது, அதைச் செப்பனிடும் பொறுப்பும் பெருமையும் யாருடையவை என்பதை அவர்கள் கல்லில் சொல்லிவிட்டார்கள். ரப்பர் இந்த மாவட்டத்தைப் பற்றிக்கொள்ளுமுன் கோலா பிலா எப்படிப்பட்ட ஊர் என்பதும் இதிலிருந்து தெரிகிறது: கடைக்காரர்களின் ஊர். சுற்றுப்புற மலாய்க் கிராமங்களுக்கும் மரவள்ளி பயிரிட்ட சீனர்களுக்கும் அரிசியும் உப்பும் துணியும் விற்ற ஊர். அந்த ஊருக்கென்று போட்ட எல்லையைத்தான் பின்னர் வந்த எல்லா அமைப்புகளும் சுவீகரித்தன என்பது என் வாதத்தின் அச்சு. ஒரு வளைவை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்கலாம். போகலாம் என்றே நினைக்கிறேன். வளைவு தனியாகப் பேசவில்லை. அதன்பின் வந்த நிர்வாக அமைப்பு முழுவதும் அதே திசையில் பேசுகிறது.

அந்த அமைப்பின் பெயர் சானிட்டரி போர்டு, சுகாதார வாரியம். கோலாலம்பூரில் 1890இல் தொடங்கிய முறை மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் மற்றப் பட்டணங்களுக்கும் பரவியது. மாவட்ட அதிகாரியே வாரியத் தலைவர். கூடவே சில அதிகாரிகள், ஆட்சி நியமித்த சில ஊர்ப் பெரியவர்கள். கோலா பிலாவில் 1913இல் அந்த மாவட்ட அதிகாரி நாற்காலியில் வந்து அமர்ந்தவர், பின்னாளில் மலாய் மொழி ஆய்வில் பெரும்புகழ் பெற்ற ரிச்சர்ட் வின்ஸ்டெட். இப்படி ஒருவர் கையில் நிலம், நீதி, வரி, குப்பை எல்லாம் இருந்தன. நீரிணைக் குடியேற்றங்களில் இருந்த முனிசிபல் ஆணையங்களுக்குச் சொந்தப் பணப்பெட்டி உண்டு. சுகாதார வாரியத்துக்கு அது இல்லை. கடைவீட்டு வரி, விளக்கு வரி, சந்தை வாடகை, ஆட்டுத்தொட்டிக் கட்டணம் எல்லாம் மாநிலக் கருவூலத்துக்குப் போகும். வாரியம் கேட்பது மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்து திரும்பி வரும். 1930களில் இது டவுன் போர்டு என்று பெயர் மாறியபோதும் சிறுநகர்களில் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இங்கே பாங்குடன் என் கருத்து வேறுபாடு கூர்மையாகிறது. மேல்நிலை அரசின் கட்டுப்பாடு என்று அவர் சொல்வதைப் படிக்கும்போது, ஏற்கெனவே சொந்த உரிமை இருந்த ஒன்றின் கையைப் பின்னர் கட்டிவிட்டார்கள் என்ற எண்ணம் எழுகிறது. கோலா பிலாவில் கட்ட ஒரு கை இருந்ததே இல்லை. ஊர்வரி தொடக்கத்திலேயே மாநிலத்தின் பணமாகப் பிறந்தது.

இனி ரப்பர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் மாவட்டத்தின் முகம் மாறியது. ஜுவாசே, பஹாவ் பக்கமெல்லாம் காடு வெட்டிப் பால்மரம் வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. லயன் வீடுகள், கிராணி வீடு, துரை பங்களா, கோவில், கள்ளுக்கடை, ஆயாக்கொட்டகை என்று ஒவ்வொரு தோட்டமும் ஒரு சிற்றூராயிற்று. சில தோட்டங்களில் சாலையும் தண்ணீர்க் குழாயும் மருந்துக் கொட்டகையும் பட்டணத்துக்கு முன்பே வந்தன. இருந்தும் அந்தச் சிற்றூர் வாரியத்தின் எல்லைக்கு வெளியேயே நின்றது. அதன் குப்பையை அள்ளுவது தோட்டத்தின் பொறுப்பு. அதன் நலத்தை விசாரிப்பது தொழிலாளர் இலாகா.

அப்படியானால் தோட்டத்திலிருந்து பொதுப்பணம் எதுவுமே எழவில்லையா? எழுந்தது, நிறைய எழுந்தது. போன இடங்களைத்தான் பார்க்க வேண்டும். நிலவரி மாநிலத்துக்குப் போயிற்று. ஏற்றுமதித் தீர்வை கூட்டரசுக்குப் போயிற்று. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. நம்மவர் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு, தங்களிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளர் உழைத்த நாள்களின் கணக்குப்படி முதலாளிகள் கட்டணம் செலுத்தினார்கள். அந்தப் பணம் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களை நடத்தவும் மேலும் ஆள் கொண்டுவரக் கப்பல் கூலி கொடுக்கவும் செலவாயிற்று. ஜுவாசேயில் ஒருவர் பால் வெட்டிய ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறியது. கோலா பிலாவில் ஒரு விளக்குக் கம்பம் நட அந்தக் கணக்கு உதவவில்லை. 1958இல் அந்த நிதியின் எச்சம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக உருமாறியபோதும் அது உள்ளூராட்சியின் பக்கம் திரும்பவில்லை.

சுதந்திர அரசமைப்பு இந்த ஓட்டத்தை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. 110ஆவது உறுப்பு ஈய ஏற்றுமதித் தீர்வையில் பத்தில் ஒரு பங்கை, ஈயம் விளைந்த மாநிலத்துக்கே திருப்பித் தருகிறது. ரப்பருக்கு அப்படிப்பட்ட உறுதி எதுவும் இல்லை. ஈய மாநிலத்துக்குக் கிடைத்த உறுதி ரப்பர் மாவட்டங்கள் நிறைந்த மாநிலத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆக, தோட்டத்துச் செல்வம் பட்டணத்து வரிப்பட்டியலுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் மிஞ்சியது: சம்பளம். இதற்கு நேரடிச் சான்று மெலிது என்பதை மறைக்கவில்லை. அந்தக் காலக் கடைக்காரர் யாரும் தன் விற்பனையில் எத்தனை பங்கு தோட்டத்தாரிடமிருந்து வந்தது என்று பிரித்து எழுதி வைத்ததில்லை. ஆனால் மறைமுகச் சான்று வலிது. 1955இன் வேலைவாய்ப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. தோட்டக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தடுப்பது அதன் நோக்கம். இப்படி ஒரு விதியை எழுத வேண்டி வந்ததே, தொழிலாளியின் சம்பளத்துக்காகத் தோட்டக் கடையும் பட்டணக் கடையும் போட்டியிட்டன என்பதற்குச் சாட்சி. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போவது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த வழக்கம். மளிகை, துணி, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான், தீபாவளி நெருங்கினால் நகைக்கடையும் அடகுக்கடையும். அந்த விற்பனை இருந்ததால் கடைக்கு அந்த வாடகை கிடைத்தது. வாடகை இருந்ததால் ஆண்டு மதிப்பு வந்தது. அதன்மேல்தான் வரி விழுந்தது.

சுற்றுவழிதான், ஆனால் இதன் விளைவு மிகப் பெரியது. ரப்பர் விலை சரிந்தால் முதலில் தோட்டத்தில் வேலை நாள் குறையும். பிறகு பட்டணத்தில் கடன்புத்தகம் தடிக்கும். கடைசியில் வரி பாக்கி விழும். பாங் வசூல் தளர்வு என்று அழைப்பது கோலா பிலா போன்ற ஊரில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதை வரி வசூலிப்பவரின் சுறுசுறுப்பால் சரிசெய்ய முடியாது. தோட்டத்துச் செல்வத்தின் மெல்லிய நிழல் மீது வரி போட்டுவிட்டு, நிழல் குறுகுகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

இதற்கு மறுப்பாக, தோட்டம் எல்லைக்குள் வந்திருந்தாலும் மாநில அரசு அதற்கு வரிச்சலுகை தந்திருக்கும் என்று பாங் தரப்பில் சொல்லலாம். இருக்கலாம். 1950க்கும் 1965க்கும் இடையில் உள்ளாட்சியில் வாக்குரிமை வந்தபோது எல்லை ஏன் முக்கியம் என்பதை அந்த மறுப்பு தொடவில்லை. 1950இன் உள்ளாட்சித் தேர்தல் சட்டம் நகர்களுக்கும், 1952இன் உள்ளூர் மன்றச் சட்டம் முக்கியமாகப் புதுக்கிராமங்களுக்கும் தேர்ந்தெடுத்த மன்றங்களைக் கொண்டுவந்தன. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தில் முள்வேலிக்குள் ஓரிடத்தில் திரட்டி வைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் தோட்ட நிலத்திலேயே இருந்தார்கள். பக்கத்துப் புதுக்கிராமம் மன்றம் அமைத்தபோது அவர்களுக்கு மன்றம் இல்லை. பதினைந்து ஆண்டு மட்டுமே நீடித்த உள்ளாட்சி வாக்குரிமையைத் தோட்டத் தமிழர் பெரும்பகுதி பயன்படுத்தவே இல்லை என்பதை நம் அரசியல் வரலாறுகள் போதிய அளவு சொல்லவில்லை.

1965இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. சிரம்பான் நகர மன்றம் உட்பட சில மன்றங்களின் மீது எழுந்த முறைகேட்டுப் புகார்களை ஒட்டி, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1968 இறுதியில் முடித்த அறிக்கையில் அந்த ஆணையம் தேர்ந்தெடுத்த மன்றங்களையே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. சட்டம் 171இன் 10ஆம் பிரிவுப்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. எட்டுக்குக் குறையாமல், இருபத்துநான்குக்கு மேற்படாமல். தமிழர் ஒருவர் தலைமை தாங்கிய ஆணையத்தின் அறிவுரையைத் தமிழ்ச் சமூகமே பின்னர் வற்புறுத்திக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

1970களின் மறுசீரமைப்பில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அமைப்புகள் கரைந்து மாவட்ட மன்றங்களும் நகராட்சி மன்றங்களும் உருவாயின. அந்த அலையில்தான் கோலா பிலா மாவட்ட மன்றம் வந்தது. 1980இல் ஜெம்போல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பஹாவும் அதன் ரயில் நிலையமும் சுற்றியிருந்த தோட்டங்களும் அதோடு போயின. கோலா பிலாவிடம் எஞ்சியது பழைய கடைத்தெருவும் மரபு நிலக் கிராமங்களும் சில தோட்டங்களும். அதனால் மன்றத்தின் வளர்ச்சிப் பணிகளுக்கு வெளிப்பணம் இன்றியமையாததாயிற்று. 1981இன் சட்டம் 245 மாநிலங்களின் வழியே உள்ளாட்சிகளுக்கு மானியம் வகுத்தது. அரசமைப்பின் 156ஆவது உறுப்புப்படி அரசுக் கட்டடங்கள் மதிப்பீட்டு வரி கட்டுவதில்லை; அதற்கு ஈடாக உதவித்தொகை தருகின்றன. துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் இருக்கும் ஊருக்கு இது சிறிய தொகையன்று. ரப்பர் தந்திருந்த வாடிக்கையாளர் இடத்தை இன்று மாணவரும் நோயாளிகளின் உறவினரும் ஒருவாறு நிரப்புகிறார்கள்.

மானியத்திலும் பழைய எல்லை தலைகாட்டுகிறது. மாநிலச் சாலை மானியம் பதிவேட்டில் ஏறிய பொதுச்சாலைகளின் நீளத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலை தனியார் சாலை. மூன்று தலைமுறை அதில் நடந்திருந்தாலும் அது பட்டியலில் ஏறாது. லயன் வீட்டின் கூரைக்கும் தண்ணீருக்கும் 1990இன் சட்டம் 446 முதலாளியையே பொறுப்பாக்குகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, நிலம் கைமாறி, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தபின் தமிழர் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள். சொந்த வீடோ கடையோ கையில் இல்லாத பலர் மன்றத்தை முதன்முதலாகச் சந்தித்தது உரிமம் கேட்கும் சிறுவணிகராக: இரவுச் சந்தையில் ஒரு மேசை, பூக்கடை, வடை சுடும் வண்டி. உள்ளூர்ப் பொருளாதாரத்தை ஊக்குவிக்கும் மன்றத்தின் கைக்கருவிகளில் எளியவர்க்கு மிக நெருக்கமானது அந்த உரிமம்தான். 107ஆம் பிரிவின்படி, காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். கடன் வாங்கி வண்டி செய்தவருக்கு இதைவிட நடுங்கவைக்கும் விதி வேறு இல்லை. வளர்ச்சி நிதி பற்றிய ஆய்வுகள் கோடிகளைப் பேசும்போது இந்தப் பிரிவையும் பேச வேண்டும்.

இந்த எல்லைச் சிக்கல் மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிட இடம் தராமல் நின்றது. மலையகத் தமிழர் வாக்களித்த சபையே அவர்கள் லயத்துக்குச் சாலை போட முடியவில்லை. 2018இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. அங்கே வாக்கு இருந்தது. செலவிடத்தான் தடை இருந்தது. அதனால் தடையை எதிர்த்துக் குரல் எழுப்ப ஆள் இருந்தார்கள். தமிழ்நாட்டு வால்பாறையில் தேயிலைத் தோட்டங்கள் நகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. தோட்டமும் உள்ளாட்சியும் ஒரே எல்லைக்குள் இருக்க முடியாது என்ற விதி எதுவும் உலகத்தில் இல்லை.

எனவே என் முடிவு இது: கோலா பிலாவின் உள்ளாட்சி வறுமை வசூல் திறமைக் குறைவால் வந்ததன்று, ரப்பருக்கு முந்திய கடைத்தெருவின் எல்லையை ரப்பர்க் காலம் முழுவதும் மாற்றாமல் வைத்திருந்ததால் வந்தது. இதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டுமானால் டவுன் போர்டுக் காலத்து மதிப்புப் பட்டியல்களையும் அதே ஆண்டுகளின் தோட்டச் சம்பளப் பேரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தோட்ட அலுவலகங்கள் மூடப்படும்போது பேரேடுகள் எரிந்துபோகின்றன. பழைய கிராணிமார் குடும்பங்களிடம் அவை இருந்தால் பாதுகாத்து ஆய்வாளர்களிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். மற்றபடி, உள்ளாட்சி எல்லையைத் திருத்தப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சட்டம் 171இன் 3ஆம், 4ஆம் பிரிவுகளின்படி மாநில அரசு ஓர் அரசிதழ் அறிவிப்பில் அதைச் செய்யலாம்.